ஆறு மணிக்கு மேல் பொருந்தும் நிறம்

ஆறு கப் கொண்ட செட்டில் ஒரு கப் உடைந்துவிட்டால், கீழ்வீட்டு அக்கா இன்னொரு நல்ல கப்பையும் எடுத்துப் பரணில் வைத்துவிடுவார். ஐந்து இருந்தால் ஆறாவது எங்கே என்று யாராவது கேட்பார்கள். நான்கு இருந்தால் கேட்க மாட்டார்கள். நான்கு கப் செட்டும் கடையில் கிடைக்கிறது. "அஞ்சுதான் கண்ணு ஆபத்து," என்பார்.

கோவை கணபதியில் அவர் வீட்டு மாடியில் இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்தேன். முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கு, அப்படிக் கூப்பிட்டால் யாரோ பேங்க் மேனேஜர் சம்சாரத்தைக் கூப்பிடுவது போல இருக்கிறது, அக்கா என்றே சொல் என்றார். எனக்கு அம்மாவாகும் வயது அவருக்கு. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அவரும் ஒரே மகனும்தான். மகன் பம்ப் செட் கம்பெனி ஒன்றில் என்ஜினியர். மாடிப்படியில் நான் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா முதலில் பார்ப்பது மேஜை நாற்காலிகளின் கால்களை. தெருவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "டீப்பாய்க்குப் பின்கால் மாத்தியிருக்காங்க. பாலிஷ் ஒரு கோட் கம்மி," என்று என் காதில் சொன்னார். குறை சொல்லும் குரலாக அது எனக்குப் படவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்கும் குரல்.

நான் வேலை செய்தது சமையலறை அலமாரிகளும் துணி அலமாரிகளும் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். என் மேஜைக்கு அடிக்கடி வந்த புகார் இதுதான்: ஒரு கதவை மட்டும் மாற்றினோம், நிறம் சேரவில்லை. நான் எழுதிய பதிலும் மாறியதில்லை. ஒன்று, மேலே ஒட்டும் லேமினேட் தாள் ஒவ்வொரு முறை அச்சாகும்போதும் மயிரிழை மாறும். இரண்டு, பழைய கதவு வெயிலில் வெளுத்திருக்கும். மூன்று, புகையும் துடைக்கிற துணியும் அதன் பளபளப்பைக் குறைத்திருக்கும். நான்கு, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பது. கடைசிக் காரணத்தை யாரும் நம்புவதில்லை. ஆனால் சில நிறங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறு வேறாகவும் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்றே உட்புறம் சாம்பல் பூசிய ஒரு பெட்டி இருந்தது. இரண்டு துண்டுகளை உள்ளே வைத்து, பகல் வெளிச்சம், குழல்விளக்கு, மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். மஞ்சள் விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தவை பகல் வெளிச்சத்தில் சொந்தக்காரர்களாகக்கூட இருக்காது.

இதை ஒரு மாலையில் அக்காவிடம் சொன்னேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். முதல் மூன்றும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். நான்காவதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே பழுப்பிலும் கறுப்பிலும் ஷூ பாலிஷ், தேய்ந்துபோன மெழுகுப் பென்சில்கள், பல நிறத்தில் நகப்பூச்சு, ஒரு புருவப் பென்சில், பல் தேய்க்கும் பிரஷ்கள் இரண்டு. புது மரத்தைப் பழையதாகக் காட்ட காப்பி டிகாக்‌ஷனை மூன்று முறை பூசி, ஒவ்வொரு முறையும் காயவிட வேண்டும் என்பது நான் அவரிடமிருந்து அறிந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. வேலை முடிந்ததும் நான்கடி பின்னால் போய், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். பிறகு வாசலில் போகும் யாரையாவது ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே கூப்பிடுவார். வந்தவர் கண் அந்த இடத்தில் நிற்காமல் நகர்ந்துவிட்டால் அன்று முழுவதும் சந்தோஷமாக இருப்பார்.

அந்தச் சந்தோஷம் எனக்கும் ஒருமுறை உதவியது. என் தங்கையின் பட்டுப்புடவையைக் கேட்காமல் எடுத்து வந்து, இஸ்திரி போடும்போது முந்தானைக்குக் கீழே சுட்டுவிட்டேன். ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. நான் அழுதுகொண்டிருந்தபோது அக்கா புடவையை மடித்துப் பைக்குள் வைத்து, செருப்பைப் போடு என்றார். உக்கடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கிழிந்த துணியை இழை இழையாகப் பின்னித் தரும் பாய் ஒருவர் இருந்தார். நூல் எங்கிருந்து எடுப்பீர்கள் என்று நான் கேட்டேன். புடவையில் இருந்தே, கொசுவத்துக்குள் போகும் ஓரத்திலிருந்து உருவிக்கொள்வேன் என்றார். அதே சாயம், அதே வயது. இரண்டு மணிநேரம் அக்கா அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த ஊசியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தங்கை அந்தப் புடவையை இன்றும் கட்டுகிறாள். அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அக்காவுக்காக எதையும் செய்வேன் என்று நினைத்திருந்தேன்.

பொருள்களின் நிற வித்தியாசத்தைப் பார்த்து அவை எப்போது மாற்றப்பட்டவை என்று சொல்வது என் வேலை. ஆகவே கீழ்வீட்டைப் படிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. சாப்பாட்டு மேஜையின் நாற்காலி ஒன்றுக்கு முதுகுப் பலகை புதிது. கட்டிலின் தலைமாட்டுச் சட்டம் தேக்கு இல்லை, தேக்கு நிறம் பூசிய வேறு மரம். டிவி ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவு இரண்டில் ஒன்று மட்டும் லேசாகப் பச்சை ஓடியது. பூஜை அறைக் கதவின் கீழ்ப்பாதி வேறு. எல்லாவற்றிலும் அக்காவின் கைவேலை நன்றாக இருந்தது. ஓய்வு நேரத்தில் மனதுக்குள் அவற்றை வயதுவாரியாக வரிசைப்படுத்தினேன். சில மாற்றங்கள் சமீபத்தவை. நாற்காலியும் கட்டிலும் அப்படியில்லை. அவை மகன் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே உடைந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீழே பலகை உடையும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். பிறகு பைக் கிளம்பிப் போனது. மறுநாள் காலையில் அக்கா மாடிக்கு வந்தார். கையில் மஞ்சள் பையில் சுற்றிய ஒரு லேமினேட் சில்லு. மகன் அறையின் மூன்று கதவு அலமாரி எங்கள் கம்பெனியுடையது, வால்நட் நிறம். நடுக்கதவு போய்விட்டது, ஒட்டுகிற நிறத்தில் ஒன்று வேண்டும் என்றார். எப்படி உடைந்தது என்று கேட்டேன். காற்றில் அடித்துக்கொண்டது என்றார்.

கீழே போய்ப் பார்த்தேன். கதவில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு குழி. குழியைச் சுற்றிப் பலகை உள்பக்கமாக நொறுங்கியிருந்தது. காற்று கதவை உள்பக்கமாகக் குத்தாது. டேப்பை எடுத்து அளந்தேன். அக்கா என் பின்னாலேயே நின்றார்.

"அவங்கப்பா மாதிரி இல்லை கண்ணு இவன். இவன் ஜாமானோட நிறுத்திக்குவான்."

இதைச் சமாதானமாகத்தான் சொன்னார். பெருமை போலவும் இருந்தது.

பிறகுதான் அவசரம் என்ன என்று சொன்னார். மகனுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு பெண் கூடி வந்திருக்கிறது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்வீட்டார் வீடு பார்க்க வருவார்கள். கல்யாணமானதும் அந்த அறைதான் புதுஜோடிக்கு. வருகிறவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள்.

தொழிற்சாலையில் பழைய தாள்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் தேடி, நிறத்தில் நெருங்கிய ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் விளக்கில் வித்தியாசமே இல்லை. பகல் வெளிச்சத்தில் செங்கல் போலச் சிவப்பு ஏறியது. இரண்டையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். நடுக்கதவு ஜன்னலிலிருந்து தள்ளி இருப்பதால் பகலிலும் ஓரளவு சமாளிக்கும், கிட்டத்தில் நின்றால் தெரியும் என்றேன். அவர் அறையின் வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு மாட்டினார். பெண்வீட்டாருக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமையே வாங்க. நாலரையிலிருந்து ஆறு ராகு காலமுங்க. ஆறு மணிக்கு மேல பொழுதோட வந்தீங்கன்னா நல்லதுங்க."

கார்த்திகை மாதம். ஆறு மணிக்கே இருட்டிவிடும். பஞ்சாங்கம் அவருக்காக எழுதி வைத்தது போல இருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு கணக்குச் சரியாக வந்தபோது சிரிக்கிற சிரிப்பு.

பத்துப் பேர் ஒரு வேனில் வந்தார்கள். அலமாரியை ஒருவர் திறந்து மூடிக்கூடப் பார்த்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெண்ணின் சித்தி மட்டும் மொட்டைமாடியைப் பார்ப்பது போல மேலே வந்து என் கதவைத் தட்டினார். அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். அதற்கு நான் தயாராக இல்லை.

"ஏனுங்க அம்மணி, நீங்க இங்கயே இருக்கறீங்க. பையன் எப்படிங்க? எங்க புள்ளை நெம்ப அமைதிங்க. அதனாலதான் கேக்கறேன்."

நான் சொன்னவை: குடிப்பதில்லை. நேரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். பெண்களைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். மூன்றும் உண்மை. சித்தி என் கையைப் பிடித்து, பெரிய உபகாரங்க என்றார். அவர் படியிறங்கும்போது கூப்பிட்டு நான்காவதைச் சொல்ல நேரம் இருந்தது. பதினெட்டுப் படிகள்.

தையில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் பெயர் கீர்த்தனா. துணி காயப்போட மேலே வருவாள். தன் கல்லூரிக் கதைகளை ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள். மாமியாரைப் பற்றிக் கேட்டால், அத்தை என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை என்பாள். அது உண்மை. மகன் வீட்டில் இருக்கும் நேரங்களில் அக்கா மருமகளை ஏதாவது ஒரு காரணம் சொல்லி என் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சாம்பார் கொடுத்துவிட்டு வா. கறிவேப்பிலை இருக்கிறதா கேட்டு வா. வந்தால் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு. போகப்போக அவள் கதைகள் சுருங்கின. வைகாசி வாக்கில் துணியை மட்டும் காயப்போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

வைகாசி முடியும்போது மறுபடியும் அந்தச் சத்தம். இந்த முறை ஜன்னலை ஒட்டிய கதவு. அக்கா மறுபடியும் சில்லோடு மேலே வந்தார். வால்நட் தாள் எங்கள் அடுக்கில் இன்னும் இரண்டு இருந்தது. அது எனக்குத் தெரியும்.

"அந்த ஷேடு நின்னுபோச்சுங்க அக்கா," என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவரைவிடத் தேர்ந்தவர் யார் இருக்கிறார்கள்? "பரவாயில்லை கண்ணு," என்று சொல்லி இறங்கிப் போனார். ஒட்டாத நிறத்தில் கதவு வந்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் வரும் என்று நான் எண்ணியிருந்தேன். நேராகப் பேச முடியாதவர்கள் இப்படித்தான் திட்டம் போடுவார்கள்.

அக்கா எங்கேயோ ஒரு கடையில் யானைத்தந்த நிறத்தில் கதவு வாங்கினார். வாங்கியதை உடைந்த இடத்தில் மாட்டவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, நடுக்கதவைக் கழற்றி ஜன்னல் பக்கம் மாட்டச் சொல்லிவிட்டு, புதுக் கதவை நடுவில் வைத்தார். இரண்டு பக்கமும் வால்நட், நடுவில் தந்தம். இப்போது எல்லா வீட்டிலும் இரண்டு நிறத்தில்தானே அலமாரி செய்கிறார்கள்? வேண்டுமென்றே செய்தது போல இருந்தது. மாலையில் விளக்கைப் போட்டு எனக்குக் காட்டினார். எனக்கு ஒரு கணம் வியப்புக்கூட வந்தது. இத்தனை கூர்மையான ஒரு மனுஷி தன் மூளை முழுவதையும் இதற்குச் செலவு செய்கிறாரே என்ற எண்ணம் அதன் பின்னாலேயே வந்தது.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். நானும் அன்று கவனிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் சிவக்கும் கதவு இப்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆனி கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போகக் கீர்த்தனாவின் அப்பா வந்தார். கொப்பரை வியாபாரி. அதிகம் பேசாதவர். டிபன் சாப்பிட அக்கா என்னையும் கீழே கூப்பிட்டிருந்தார். மகன் மாமனார் காருக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தார். அலமாரி மேலிருந்த பெட்டியை எட்டி எடுக்க அப்பா அறைக்குள் போனார். பெட்டியை இறக்கி வைத்தவர் நிமிர்ந்து அப்படியே நின்றுவிட்டார். கொப்பரையின் நிறத்தைப் பார்த்தே தரம் பிரிக்கிற கண்.

"ஏனுங்க சம்பந்தி, ஒரு அலமாரிக்கு மூணு கலருங்களா?"

அக்கா சட்னிக் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றார். பதில் தயாராக இருந்தது.

"இப்ப அதுதானுங்க ஃபேஷன். டூ டோன்னு சொல்றாங்க. இந்தக் கண்ணு அந்தக் கம்பெனிலதான் இருக்குது. கேட்டுப் பாருங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். அக்காவும் பார்த்தார். கீர்த்தனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்த புடவை ஒன்றை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேஷன் இல்லீங்க," என்றேன். என் குரல் புகாருக்கு எழுதும் பதில் போலவே வந்தது. "ரெண்டு கதவு உடைஞ்சுதுங்க. ஜன்னல் பக்கம் இருக்கறது கல்யாணத்துக்கு முன்னாடி மாத்துனது. நடுவுல இருக்கறது போன மாசம்."

"யாரு உடைச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நாந்தானுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தானுங்க. கை தவறிப்போச்சுங்க."

அப்பா அக்காவின் கைகளைப் பார்த்தார். வளையல் தொளதொளக்கும் மெல்லிய மணிக்கட்டு. பிறகு மகளைப் பார்த்தார். கீர்த்தனா எழுந்து, "இன்னொரு பெட்டியும் எடுத்துக்கறேன்ப்பா," என்றாள். ஆடி ஒரு மாதத்துக்கு ஒரு பெட்டி போதும். அங்கே இருந்த நாலு பேருக்கும் அது தெரியும்.

இரண்டாவது பெட்டியை அடுக்கியது அக்காதான். ஒவ்வொரு புடவைக்குள்ளும் அதற்கான ரவிக்கையை வைத்து, நகைப் பெட்டியை நடுவில் வைத்து, எதையும் விட்டுவிடவில்லை. மகன் வந்து பெட்டிகளைத் தானே தூக்கி மாமனார் காரில் வைத்து, பத்திரமாகப் போய் வாருங்கள் மாமா என்றார். தெருவில் நின்றவர்கள் ஆடி அழைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆவணி பிறந்தது. கீர்த்தனா வரவில்லை. எதிர்வீட்டில் கேட்டபோது, அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றார் அக்கா. இரண்டு வாரம் கழித்து, வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புரட்டாசியில், அவர்கள் குலதெய்வத்துக்கு ஏதோ வேண்டுதல். ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. என்னோடு பழையபடி பேசவில்லை என்றாலும் கோபம் இல்லை. மோர் கொடுப்பார், தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைச் சொல்வார். சத்தம் மட்டும் முன்பைவிட அடிக்கடி கேட்டது. முன்னெல்லாம் மறுநாளே டிகாக்‌ஷன் வாசனை வரும். இப்போது வரவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, நான் காரமடைக்கு, எங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு டப்பாவில் முறுக்கோடு மேலே வந்தார். அவர் மூக்குக்கண்ணாடியின் வலதுகாம்பு பழுப்பு. இடதுகாம்பு கறுப்பு. இடதுகாதுக்கு மேலே, முடி ஆரம்பிக்கும் இடத்தில், ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது. பொடியோ மஞ்சளோ எதுவும் பூசியிருக்கவில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். தலைமுடியை இழுத்து மூடவும் இல்லை.

"தலை தீபாவளிக்குப் பொண்டாட்டி வீட்டுல இருந்து கூப்பிடலைன்னு கோவம்," என்றார். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் புள்ளை இங்க இல்லாதது நல்லதாப் போச்சு கண்ணு. இருந்திருந்தா அவமேலதான் விழுந்திருக்கும்."

நான் பேசினால் அவர் எழுந்து போய்விடுவார் என்று பட்டது. முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்திச் சரியாக மூடினார்.

"உங்க ஊர்ல தனியா ஒரு பொம்பளைக்கு ஊடு கிடைக்குமா கண்ணு? சின்னதாப் போதும்."

சொந்த வீட்டின் மாடியில், என்னைக் குடிவைத்தவர், என்னிடம் கேட்டார். கிடைக்கும் என்றேன். அன்று பஸ்ஸில் போகும்போது ஒரு காகிதத்தில் எழுதினேன்: ஒரு அறை, சமையலறை, உள்ளேயே குளியலறை, அம்மா நடந்துபோகிற தூரம். தீபாவளி முடிந்த வாரத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. மகன் வேலைக்குப் போயிருந்த ஒரு புதன்கிழமை, அக்கா ஒரு துணிப்பையோடு என்னோடு பஸ் ஏறினார். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொள்ளவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. அன்று மாலையே நானும் மாடியைக் காலி செய்து, சிங்காநல்லூரில் ஒரு விடுதிக்குப் போய்விட்டேன். மகன் இரண்டு முறை போன் செய்தார். எடுத்தேன். தெரியாதுங்க என்றேன். நான் சொன்ன பொய்களில் எனக்கு உறுத்தாத ஒரே பொய்.

மார்கழியில் ஒருநாள் அம்மா கூப்பிட்டார். குரலில் எரிச்சல்.

"ஏன் அம்மணி, நீ கூட்டியாந்த அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? தண்ணி புடிக்கற எடத்துல ஒருத்தி, ஏன் தனியா வந்துட்டீங்கன்னு கேட்டாளாமா. பையன் அடிச்சுப்போட்டான், வந்துட்டேன்னு சொல்லியிருக்குது. கேக்கறவங்க அத்தனை பேருகிட்டயும் அதையேதான் சொல்லுது. ரங்கநாதர் கோயில் பக்கத்துல இருக்கலாம்னு வந்தேன்னு சொன்னா ஆச்சு. யாரு கேக்கப் போறாங்க? நீ சொன்னாக் கேக்கும்."

நான் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படியானால் நானே போய்ச் சொல்கிறேன் என்று அம்மா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நானே கூப்பிட்டு, சொன்னாயா என்று கேட்டேன். இல்லை, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றார் அம்மா. குரலிலிருந்து எரிச்சல் போயிருந்தது.

"பகல்லயே உள்தாழ் போட்டுட்டு இருக்குது கண்ணு. நாந்தான் வந்திருக்கேன்னு மூணு தடவை சொன்ன பொறகுதான் தெறந்துச்சு."